பதினொன்று பத்துக்கு ஊதிய சங்கு

பெங்களூரில் நடக்கும் ஒரு குறும்படப் போட்டிக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். ஏழாவது கேள்வியில் பேனா நின்றது. 'இயக்குநரின் திரைப்பயணத்தையும், அவர் படைப்பில் தாக்கம் செலுத்தியவற்றையும் சுருக்கமாக எழுதவும்.'

திரைப்பயணம் சுருக்கமானதுதான். மூன்று பேய்ப் படங்கள். மூன்றும் சேர்ந்து நாற்பத்தோரு நிமிடம். அதில் ஆறு நிமிடம் நன்றிப் பட்டியல் ஓடும். உதவியவர்கள் பெயரோடு, உதவிய நாளையும் கிழமையையும் போட்டிருந்தேன்.

தாக்கங்களில்தான் சிக்கல். 'பூமிக்கடியின் முடிவில்லாத இருட்டு' என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும்வரை ஒன்பது வருடம் நான் வேலை பார்த்தது டைம் ஆபீசில். ஷாஃப்டு என்ற செங்குத்துக் குழியில் ஆட்களைக் கீழே இறக்கும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். யார் எத்தனை மணிக்கு அதில் இறங்கினார், எத்தனை மணிக்கு ஏறினார் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுவது என் வேலை. நானே இறங்கியது ஒரே முறை. கீழே முதல் லெவல் தளம் வருவதற்குள் பக்கத்தில் நின்றவர் சட்டையில் வாந்தி எடுத்தேன். நின்றவர் என் அக்கா வீட்டுக்காரர். சட்டையைத் துவைத்தது அக்கா. அன்றிலிருந்து இன்றுவரை அவள் என்னைக் கூப்பிடுவது 'கிளார்க்கு' என்றுதான்.

முதல் படத்துக்கு 'ஸ்கெலட்டனில் ஒரு வீடு' என்று தலைப்பு வைத்தேன். ஸ்கெலட்டன் எங்கள் ஊரில் ஒரு குடியிருப்பு. வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டே நடுங்குவார்கள் என்று நினைத்து, உள்ளூரில் போஸ்டர் ஒட்டினேன். "வாடகை இன்னாங்க? தண்ணி டெய்லி வருதா?" என்று போன் வந்தது. இரண்டாவது படத்தைப் பூதிகோட்டைப் பக்கம் ஒரு வயலில் எடுத்தேன். பேயின் வெள்ளைப் புடவையைக் கண்டு ஒரு மாடு மிரண்டது. என் படங்களில் பயந்த முதல் ஜீவன் அதுதான். அதுவும் கேமராவில் பதிவாகவில்லை.

"என்னை ஒரே ஒரு தபா பயப்படுத்திக் காட்டு. அப்பறம் உன்னை டைரக்டர்னு கூப்பிடறேன்" என்றாள் அக்கா.

மூன்றாவது படம் அதற்காகவே எடுத்தது. எங்கள் ஊர்க் கோரமண்டல் குடியிருப்பில், அக்கா வீட்டிலேயே எடுத்தேன். இறந்துபோன ஒரு தொழிலாளி காலை ஷிப்டு சங்கு ஊதும்போது வீடு திரும்புகிறார் என்பது கதை. சங்கு என்று நாங்கள் சொல்வது சுரங்கத்தின் சைரனை. ஆவியாக நடித்தவர் மாமா. தலையில் பழைய ஹெல்மெட், முகம் முழுக்கப் பவுடர். சங்குச் சத்தமும் அசல். சுரங்கம் மூடிய வாரத்தில் டேப் ரெக்கார்டரோடு வெளியே நின்று பிடித்து, கேசட்டின் மேல் தேதியும் மணியும் எழுதி வைத்திருந்தேன். அக்கா மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வரும் ரயிலில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு படத்தை வெட்டி ஒட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, எங்கள் குடியிருப்பு லைனில் உள்ள புத்த விகாரின் கூடத்தில், ஜன்னல்களுக்குப் பெட்ஷீட் கட்டிப் படத்தைப் போட்டேன். முப்பது பேர் இருப்பார்கள். அக்காவும் மாமாவும் முன் வரிசை.

முதல் பயமுறுத்தலாக, அலமாரியில் பாத்திரங்கள் தானாக ஆடி, ஒரு சொம்பு கீழே விழுந்து உருண்டது. கூடத்தில் யாரும் அசையவில்லை.

"ஏர் பிளாஸ்ட்டு" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"எந்த ஷாஃப்டுல?" என்று இன்னொருவர் கேட்டார்.

பூமிக்கடியில் பாறை வெடித்து வீடு குலுங்குவதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். சோற்றில் கை வைத்திருக்கும்போது குலுங்கினாலும், தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டு முடித்த ஜனங்கள். இது தெரிந்தும் அந்தக் காட்சியை எழுதியவன் நான்.

அடுத்து ஆவி வந்தது. வந்து, இருமியது. அது நடிப்பில்லை, மாமாவின் இருமல்.

"பேய்க்கு கசாயம் குடும்மா!" என்று பின்வரிசையிலிருந்து அக்காவுக்குக் குரல் வந்தது.

"முப்பத்தஞ்சு வருசமா இந்த மூஞ்சியப் பாத்துனு கீறேன். இதுக்கா பயப்படுவேன்?" என்றாள் அக்கா. கூடமே சிரித்தது. ஆவியும் சிரித்தது. எங்கே ஓடி ஒளியலாம் என்று வாசலைப் பார்த்தேன்.

அப்போது சங்கு ஊதியது.

சிரிப்பு நின்றது. நாலைந்து பெண்கள் எழுந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் அக்கா. செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள்.

"இன்னாடி, எங்க ஓடுற? நான் இங்கதான குந்திகினு கீறேன்!" என்று மாமா நாற்காலியிலிருந்து கத்தினார்.

அவள் திரும்பவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, எப்போதோ மூடிப்போன ஷாஃப்டு இருக்கும் திசையைப் பார்த்து நின்றாள்.

திரையைப் பார்த்தேன். ஆவிக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது. படம் பிடித்த அன்று அதில் பேட்டரி இல்லை. நாள்காட்டியில் தேதி சரிதானா என்று மூன்று முறை பார்த்தவன், அதற்கு ஒரு சாண் மேலே தொங்கிய கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஷிப்டு மாறும்போது சங்கு ஊதினால் எங்களுக்கு அது மணி சொல்வது. ஷிப்டு நேரம் இல்லாமல் பதினொன்று பத்துக்கு ஊதினால், உள்ளே விபத்து.

அப்படி ஒருநாள் ஊதியிருக்கிறது. டைம் ஆபீஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏறிட்டாரா? பேரு எழுதிட்டியா?" என்று அக்கா கேட்டாள். "இன்னும் எழுதலக்கா" என்றேன். நாலு மணி நேரத்தில் எத்தனை முறை கேட்டாளோ, அத்தனை முறையும் அதையே சொன்னேன். கடைசி கேஜில் மாமா வந்தார். அவரோடு இறங்கிய இரண்டு பேர் வரவில்லை.

படம் முடிந்ததும் கைதட்டினார்கள். "மாமா, இதுதான் ஹிட்டு! அந்த சங்கு சீன்ல நானே எழுந்து நின்னுட்டேன்" என்றாள் அக்கா மகள். எனக்கும் உள்ளுக்குள் குஷிதான், மறைப்பானேன்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வாங்க டைரக்டர். உக்காருங்க" என்றாள்.

டீ வைத்தாள். எதிரே உட்காரவில்லை. அடுத்த நாளும் "வாங்க டைரக்டர்"தான். கேட்டு வாங்கிய பட்டம். இரண்டே நாளில் தொண்டையில் மீன்முள்போல் நின்றது.

போட்டிக்கு அனுப்பக் கடைசி நாள் வியாழக்கிழமை. புதன்கிழமை காலை, ரயிலுக்குக் கிளம்பிய அக்கா மகளிடம் சங்கை எடுத்துவிடச் சொன்னேன்.

"எடுத்துட்டா படத்துல இன்னா மாமா இருக்கு?"

"உங்கப்பா இருமறாரு இல்ல? போதும்."

ஏழாவது கேள்விக்கு, 'டைம் ஆபீசில் ஒன்பது வருடம்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

முடிவு ஒரு சனிக்கிழமை வந்தது. கடிதத்தை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போய், நின்றபடியே உரக்கப் படித்தேன். 'அக்கறையோடு எடுக்கப்பட்ட படம். நாள்காட்டி முதலிய விவரங்கள் நேர்த்தி. ஆனால் பயம் எங்குமே இல்லை.'

"எங்குமேன்னா போட்டுக்கிறான்?" என்று கேட்டார் மாமா. இருமலும் சிரிப்பும் சேர்ந்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்கா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவளே ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"கைய கழுவினு வா, கிளார்க்கு. சோறு ஆறுது."