காம்பவுண்டு முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டு

1998-ஆம் வருடம் கார்த்திகை மாதம், மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் நடந்த சம்பவம் இது. நடந்து ஒரு வருடம்தான் ஆகிறது. இப்போது நினைத்தாலும் முதலில் வெட்கம் வருகிறது, அப்புறம் சிரிப்பு வருகிறது.

எங்கள் காம்பவுண்டில் பதினொரு குடித்தனங்கள். எல்லோருக்கும் ஒரே வாசல், ஒரே அடிபம்பு, வாரம் இரண்டு தடவை வரும் தண்ணீர் லாரி. எந்த வீட்டுக்கு எத்தனையாவது முறை என்று எழுதிய அட்டை ஒன்று பம்புக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும். அதை எழுதி மாட்டுவது என் பொறுப்பு. அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா அபிராமபுரத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், காலேஜையும் முடித்த முதல் ஆள் நான்தான். அதனால் மனுவோ மணியார்டரோ ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதோ, எழுத்து வேலை எதுவானாலும் காம்பவுண்டே என்னைத் தேடி வரும். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்!

தி.நகரில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே எல்லோருக்கும் ஆளுக்கொரு இமெயில் முகவரி உண்டாக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றிச் சொன்னபோது யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கு ஓர் உதாரணம்தான் தோன்றியது. எங்கள் யார் வீட்டிலும் போன் கிடையாது. முனை மளிகைக் கடையின் நம்பரைத்தான் எல்லோரும் 'பி.பி.' என்று போட்டுக் கொடுப்போம். போன் வந்தால் கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். "அந்த மாதிரி இது பி.பி. இமெயில்" என்றேன். எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டே மாதத்தில் என் இமெயில் காம்பவுண்டின் இமெயில் ஆகிவிட்டது. நாலாவது வீட்டில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் பம்பாயில் இருக்கும் மச்சானுக்கு அந்த முகவரியைக் கொடுத்தார். எதிர் வீட்டு அக்காவின் கணவர் துபாயில் இருக்கிறார். அவர் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வாரம் ஒரு கடிதம் அனுப்புவார். மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்து அக்காவுக்கு நான் படித்துக் காட்டுவேன். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதும் கடிதமல்லவா, சில வரிகள் வரும்போது எனக்கு இருமல் வந்துவிடும். இருமி முடித்துவிட்டு அதற்கடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

நான் ஊரில் இல்லாத நாளில் மற்றவர்கள் தவிக்கக் கூடாதே என்று ஒரு காரியம் செய்தேன். தண்ணீர் முறை அட்டையின் கீழ்ப்பாதியில் இமெயில் முகவரி, பாஸ்வேர்டு இரண்டையும் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். பாஸ்வேர்டு மறந்துபோனால் கம்ப்யூட்டர் சில கேள்விகள் கேட்குமே, அதற்கான பதில்களையும் விடவில்லை. என் அப்பா பெயர், என் பிறந்த தேதி, பின்கோடு எல்லாம் வரிசையாக. மழையில் நனையாமல் இருக்க மேலே பாலித்தீன் உறை வேறு!

அந்தச் சமயத்தில் தி.நகரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிங் டெஸ்ட் எழுதியிருந்தேன். டெஸ்ட் முடிந்ததும் அங்கே தெளிவாகச் சொன்னார்கள். தேர்வானவர்களுக்கு மட்டும் திங்கட்கிழமை இமெயிலில் இன்டர்வியூ அழைப்பு வரும். புதன்கிழமை ஐந்து மணிக்குள் அதே இமெயிலில் பதில் போட வேண்டும். பதில் வராவிட்டால் விருப்பமில்லை என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டு விடுவார்கள்.

திங்கட்கிழமை நல்ல மழை. மயிலாப்பூர் பிரவுசிங் சென்டரில் டெலிபோன் லைன் செத்துப்போய் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டர் வகுப்பிலேயே உட்கார்ந்து திறந்து பார்த்தேன். பாஸ்வேர்டு தவறு என்றது. நிதானமாக ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். தவறு. அப்பா பெயரைப் போட்டேன். அதுவும் தவறாம்! என் அப்பா பெயர் எனக்குத் தெரியாதா?

மறுநாள் மளிகைக் கடையிலிருந்து அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். போனை எடுத்த பெண்மணி பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மெயில் அனுப்பியாச்சு சார், பதிலும் மெயில்லதான் வரணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்படியானால் நான் தேர்வாகிவிட்டேன்! அழைப்பு வந்து பெட்டிக்குள் கிடக்கிறது, சாவிதான் இல்லை.

அன்று சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. பதினொரு வீடும் குடத்தோடு நின்றுகொண்டிருந்தது. "யாருங்க பாஸ்வேர்டை மாத்தினது?" என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன்.

ஆட்டோ அண்ணன்தான் முதலில் பாய்ந்தார். "இன்னா நைனா, எங்களுக்கு வேற வேல இல்ல? அத்தப் போயி மாத்திக்கினு கீறோமா?"

"போன வாரம் என் மொறயில ரெண்டு கொடம் கொறைஞ்சிச்சே, அத்த எவனாச்சும் கேட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எம் வூட்டுக்காரரு லெட்டரு இன்னும் காணோம்னு நானே பேஜாராயி கீறேன்" என்றார் எதிர் வீட்டு அக்கா.

பாஸ்வேர்டும் குடமும் கலந்து ஒரே களேபரம். எனக்குப் பொறுமை போய்விட்டது. "படிக்காதவங்க கையில குடுத்தேன் பாருங்க, அது என் தப்பு" என்று சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடமே பார்க்காத என் அப்பாவும் வரிசையில் நின்றிருந்தார். பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்காதான் மெதுவாகக் கேட்டார்: "எழுதி மாட்டுனது நீதான தம்பி?"

அட்டையில் இருந்தது என் கையெழுத்தேதான்.

புதன்கிழமை மழை விட்டிருந்தது. மூன்று மணிக்கு பிரவுசிங் சென்டர் பக்கம் ஓடினேன். ஷட்டர் திறந்திருந்தது. அதை நடத்துபவர் ஒரு பாய். அவர் முன்பக்கம் ஜெராக்ஸையும் எஸ்.டி.டி. பூத்தையும் பார்த்துக்கொள்வார். உள்ளே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவருடைய மகள். என் வயதுதான் இருக்கும். வாய் மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்தது.

"வந்துட்டீங்களா? நாலு நாளா எங்க போனீங்க? ஆட்டோ அண்ணன்கிட்ட சொல்லி அனுப்புனேனே, உங்கள உடனே வரச்சொல்லி!"

"எங்கிட்ட யாரும் சொல்லலையே மேடம்."

"நல்லா கீது போங்க! பாஸ்வேர்ட மாத்துனது நான்தான்."

அவர் சொன்ன கதை இது. சனிக்கிழமை மாலை இரண்டு பையன்கள் வந்து உட்கார்ந்து ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். என்னவென்று போய்ப் பார்த்தால் திரையில் எங்கள் காம்பவுண்டு இமெயில். துபாய்க் கடிதங்களை ஒருவன் உரக்கப் படிக்க, இன்னொருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறான். யார் நீங்கள் என்று கேட்டதற்கு, காம்பவுண்டில் கேபிள் டிவி வயர் இழுக்கப் போனோம், சுவரில் பார்த்தோம் என்று கூசாமல் சொல்லியிருக்கிறார்கள். டெஸ்டுக்கு வரச்சொல்லி முன்பு வந்திருந்த மெயிலுக்குப் பதிலாக, நான் டெஸ்ட் எழுதிய அலுவலகத்துக்கு, 'உங்கள் வேலை எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று என் பெயரில் இங்கிலீஷில் பாதி அடித்தும் வைத்திருக்கிறார்கள். இவர் அவர்களை விரட்டிவிட்டு, அதை அழித்து, உடனே பாஸ்வேர்டையும் ரகசியக் கேள்விக்கான பதிலையும் மாற்றிவிட்டார்.

"பழைய பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க காம்பவுண்டுல யாரு வந்தாலும் என்னத்தான அடிக்கச் சொல்றாங்க? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

மணி மூன்றரை. புது பாஸ்வேர்டைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஓனரு நீங்கதான்னு நான் எப்படி நம்பறது? இதுவரைக்கும் ஆறு பேரு வந்து எங்க மெயிலுன்னு சொல்லியிருக்காங்க."

"எங்கப்பா பேரு சொல்றேன்."

"செவுத்துல கீது."

"பிறந்த தேதி?"

"அதுவும் செவுத்துல கீதாமே!"

யோசித்துப் பார்த்தேன். என்னைப் பற்றி எனக்கு மட்டுமே தெரிந்தது என்று சொல்ல ஒன்றுகூட மிச்சமில்லை. அத்தனையையும் நானே எழுதி, உறை போட்டு மாட்டியிருக்கிறேன். நான்தான் நான் என்று நிரூபிக்க வழியில்லாமல் கம்ப்யூட்டர் நாற்காலி பக்கத்தில் நின்றேன். திடீரென்று ஒன்று ஞாபகம் வந்தது. சொல்லவே கூச்சமாக இருந்தது. ஆனால் மணி ஓடிக்கொண்டிருந்ததே!

"முதல் தடவை இங்க மெயில் அனுப்பிட்டு உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். ரிஜிஸ்டர் தபாலுக்கு வர்ற மாதிரி கையெழுத்துப் போட்ட அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு எத்தனை நாள்ல வரும்னு."

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முன்பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த பாயும் சேர்ந்து சிரித்தார். "உங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா? சும்மா கேட்டேன் சார், உக்காருங்க" என்று பெட்டியைத் திறந்துவிட்டார்.

அழைப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. வருகிறேன் என்று பதில் அடித்து அனுப்பினேன். மணி நான்கு ஆகப் பத்து நிமிடம் இருந்தது.

எழுந்திருக்கப் போனவனை அவர் விடவில்லை. "மொதல்ல உங்களுக்குன்னு ஒரு புது பாஸ்வேர்டு போடுங்க" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஏதோ கோபமாக்கும் என்று நினைத்து, "என்ன மேடம்?" என்றேன். "நான் பாக்கக் கூடாதுல்ல, அதான். சீக்கிரம் அடிங்க" என்றார். ரகசியக் கேள்வி வந்தபோது மறுபடியும் அப்பா பெயரை அடிக்கப் போனேன்.

"நெசத்த எழுதாதீங்க. அப்பா பேரு கேட்டா புடிச்ச பலகாரம் பேரைப் போடுங்க."

"பொய் சொல்லலாமா மேடம்?"

"கம்ப்யூட்டர் இன்னா கோர்ட்டா?" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

வீட்டுக்கு வந்ததும் அட்டையின் கீழ்ப்பாதியைக் கிழித்தேன். பம்படியில் இருந்தவர்களிடம் நடந்ததைச் சொல்லி, பேசியது தப்பு என்று மன்னிப்புக் கேட்டேன். ஆட்டோ அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட ஆமா நைனா, அந்தப் பொண்ணு சொல்லிச்சு! அப்ப பாத்து சவாரி வந்திச்சா, மறந்துட்டேன்."

"அப்புறம் நேத்து எதுக்கண்ணே அவ்ளோ சத்தம் போட்டீங்க?"

"அது வேற, இது வேற."

அப்பா பீடியை அணைத்துவிட்டு, "இன்டர்வியூ என்னிக்கு?" என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். "சட்டையக் குடு, தேய்க்கக் குடுத்துட்டு வரேன்" என்று கையை நீட்டினார். அவ்வளவுதான், அந்தப் பேச்சு எங்களுக்குள் முடிந்துவிட்டது.

அக்காவிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "நீ படிக்கச்சொல்ல இருமிக்கினு ரெண்டு வரிய முழுங்குவியே தம்பி, அந்த ரெண்டு வரியயும் அவனுங்க படிச்சிட்டானுங்களா?" என்றார். நான் தலையாட்டினேன். "எனக்கே இன்னும் தெரியாதே, அதுல இன்னா இருந்திச்சின்னு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை இன்டர்வியூ நன்றாகவே நடந்தது, வேலையும் கிடைத்தது. வாடிக்கையாளர்கள் நிரப்பிக் கொடுக்கும் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. நாள் முழுக்க யாரோ ஒருவரின் பெயர், கதவு எண், பிறந்த தேதி. டீ குடிக்கப் போகும்போதுகூட நான் ஒரு படிவத்தையும் மேஜைமேல் விரித்துப் போட்டுவிட்டுப் போவதில்லை. திரையையும் அணைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். கூட வேலை செய்பவர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

இன்டர்வியூவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை அதே பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போய், அவருக்கென்று தனியாக ஓர் இமெயில் உண்டாக்கிக் கொடுத்தேன். அவர் எட்டாவது வரை படித்தவர். இங்கிலீஷ் எழுத்துக்களைக் கூட்டிப் படிக்க வரும், நேரம்தான் ஆகும். பாஸ்வேர்டு கேட்கும் இடம் வந்ததும் நான் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்து முடிக்க அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. "முடிஞ்சிது தம்பி. மறந்துட்டா நீ சொல்லுவல்ல, இன்னான்னு சொல்லி வெக்கவா?" என்றார். வேண்டவே வேண்டாம் அக்கா என்றேன்.

இந்த ஒரு வருடமாக துபாய்க் கடிதங்களை அவரே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்கிறார், முழுங்காமல் எல்லா வரிகளையும். அவருடைய பாஸ்வேர்டு என்னவென்று எனக்குத் தெரியாது, அப்படித் தெரியாமல் இருப்பதும் ஒருவருக்கு நாம் கொடுக்கும் மரியாதைதான் என்பதை அந்த மழைக்காலம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.