ஒயரில் தொங்கிய தேன்சிட்டுக் கூடு

ஏசி மெக்கானிக்கின் மனைவிக்கு ஏணி பிடிப்பதுதான் வேலை. அவர் மேலே ஏறினால் இறங்கும்வரை கையை எடுக்கக் கூடாது. பள்ளியைப் பாதியில் விட்டவள். நாலு பேர் முன்னால் வாயே திறக்க மாட்டாள். ஆனால் கண் சும்மா இருக்குமா? அண்ணாந்து அண்ணாந்தே ஊர்ப்பட்ட கூடுகளைப் பார்த்து வைத்திருந்தாள். புறா சுத்தச் சோம்பேறி. ஏசிப் பெட்டிக்குப் பின்னால் நாலு குச்சியைப் போட்டு முட்டையிட்டுவிடும். மைனாவுக்குப் பேராசை, சுவர் ஓட்டைக்குள் வைக்கோல், பிளாஸ்டிக் கவர், மிட்டாய்த்தாள் என்று கண்டதையும் திணிக்கும். காகம் கட்டுக்கம்பியைக்கூட விடாது.

தேன்சிட்டின் கூடு மட்டும் அவள் கண்ணில் பட்டதேயில்லை.

அன்று ஒரு மாடி வீட்டின் பின்புறம், மெயினை அணைத்துவிட்டு, பழைய ஒயரை அறுக்க அவர் கட்டரோடு ஏறினார். ஒயரின் நடுவில் குப்பை மாதிரி ஏதோ தொங்கியது. காய்ந்த இலை, பஞ்சு, பட்டைத் துணுக்கு எல்லாவற்றையும் சிலந்தி நூல் கட்டிப் பிடித்திருந்தது. அட, குப்பைக்கு ஒரு வாசல்! வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு கூரை! உள்ளிருந்து இரண்டு குட்டி அலகுகள் 'ஆ'வென்று திறந்தன.

"வெட்டாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அவர் பதறிக் கட்டரை அழுத்திவிட்டார். ஒரு முனை அறுந்தது. ஒயர் சரேலென்று சரிந்தது, கூடு ஊசலாடியது. ஏணியை விட்டுப் பாய்ந்து, தொங்கிய முனையை இழுத்துப் பிடித்தாள்.

"அடியே, ஏணி! ஏணி!"

"உள்ள குஞ்சுங்க இருக்குங்க!"

"நான் மேல இருக்கேனே, நான் யாரு பெத்த குஞ்சு?"

"சுவத்தப் புடிச்சிட்டு மெதுவா இறங்குங்க. இத விட்டா கூடு வழுக்கி விழுந்துடும்!"

முணுமுணுத்தபடி இறங்கியவர், முனையை வாங்கி ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டினார். கூடு நின்றது, பழைய இடத்துக்கு ஒரு முழம் கீழே.

"இனிமே தாய் வருமா?" என்றாள். அவருக்கும் தெரியவில்லை. இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

வந்தது! மஞ்சள் வயிறு, அலகில் பச்சைப் புழு. கூடு முன்பு இருந்த வெற்றிடத்தில் சிறகடித்து நின்று தேடியது.

"ஐயோ, கீழ பாரேன்," என்று மூச்சுக்குள் கெஞ்சினாள்.

"கத்தாதடி, ஓடிரும்."

குஞ்சுகள் கீச்சிட்டன. சிட்டு திரும்பிப் பார்த்தது. விர்ரென்று இறங்கி, கூரைக்குக் கீழே தலையை நுழைத்தது. வால் மட்டும் வெளியே ஆடியது.

"ஊட்டுதுங்க, ஊட்டுது!" அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாத்தேன், பாத்தேன்," என்றார் அவர், அவளைவிடச் சத்தமாக.