சித்தப்பா நின்ற பக்கம்

போன மாதம், என் மகள் படிக்கும் வெளிநாட்டு ஊரை மேலிருந்து எடுத்த படம் ஒன்று கைப்பேசிக்கு வந்தது. அந்த நாட்டில் போர் தொடங்கியிருந்தது. படத்தில் யாரோ சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். அவளுடைய விடுதி வட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று நானும் கணவரும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பெரிதாக்கப் பெரிதாக்க வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன. அவள் வந்து சேர்ந்துவிட்டாள். இப்போது உள்ளறையில் தூங்குகிறாள். நான்தான் இன்னும் அடிக்கடி எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன். அப்படிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் சித்தப்பாவின் நினைவு வந்தது.

சித்தப்பா, அப்பாவின் தம்பி. நான் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு போரில், விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து எங்கே என்ன இருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. துப்பாக்கியைத் தொடாதவர் என்பதால் எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டில் அவருக்குப் போர்வீரர் மரியாதை கிடைக்கவில்லை. அதை ஈடுகட்ட, கோடை விடுமுறையில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்வார்.

"மொத உலகச் சண்டையில பிளேன்லேர்ந்து பாதி உடம்ப வெளிய நீட்டிக்கினு கேமராவக் கையால புடிச்சு எடுத்தாங்க. ஜெர்மன்காரன் புறா நெஞ்சுல கேமரா கட்டிவுட்டான்."

"அந்தப் புறாவே பிரிண்டும் போட்டுக் குடுத்துச்சாடா?" என்பார் அப்பா, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். புறாக் கதை நிஜம் என்று எனக்குத் தெரியவந்தபோது அதை ஒப்புக்கொள்ள அப்பா உயிரோடு இல்லை.

ஒரு வருடம் சித்தப்பா ஒரு பழைய பயிற்சிப் படத்தைக் கொண்டுவந்திருந்தார். அதைக் கூடத்துத் தரையில் வைத்து, "இது இன்னா மலை, சொல்லுங்க பாப்போம்" என்றார். படிப்படியாக உயர்ந்த ஒரு சதுர மலை. உச்சியில் ஒரு குழி. எங்களுக்குத் தெரிந்த மலை பரங்கிமலை ஒன்றுதான். அதையே சொன்னோம். அவர் படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். மலை அப்படியே உள்ளே இறங்கி, தண்ணீர் வற்றிய மயிலாப்பூர் தெப்பக்குளம் ஆனது. உச்சிக் குழி நடு மண்டபமாக எழுந்து நின்றது.

"நிழல் நம்ம பக்கமா வுழணும். அந்தாண்ட வுழுந்தா கண்ணு ஏமாந்துடும். பள்ளம் மேடாத் தெரியும்."

"புள்ளைங்கள ஏமாத்தறதுக்கா உங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்க?" என்றாள் சித்தி, அடுக்களையிலிருந்து.

"சண்டையில நீங்க ஏமாந்திருக்கீங்களா சித்தப்பா?" என்று நான் கேட்டேன்.

"நானா? ஒரு ஊரு நடுவுல, மண்ணு போட்டு மூடின குண்டுக் கிடங்கு. ஒருத்தன் கண்ணுலயும் படல. நான்தான் மேட்டக் கண்டுபுடிச்சு வட்டம் போட்டேன். மறுநாள் எடுத்த படத்துல அந்த எடமே இல்ல."

"வட்டம் போட்ட படத்தத் திருப்பிப் பாத்தீங்களா?"

"எங்க திருப்பறது? பிரிண்டு கழுவின ஈரத்தோட மேஜை மேல கெடக்கும். சுத்தி நின்னு அவசரமாப் பாக்கணும்."

"நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க?"

சித்தப்பா தரையிலிருந்த படத்தை மறுபடி மலையாகத் திருப்பினார். சித்தி காபி கொண்டுவந்து வைத்தாள். அதில் ஆடை படிந்தது.

பிறகு நாங்கள் பாண்டியாட வைத்திருந்த சாக்கட்டியை எடுத்துத் தரையில் ஒரு சதுரம் வரைந்தார். ஒரு பக்கம் மட்டும் நிழலாகத் தீட்டினார். சுற்றிலும் வீடுகள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சதுரத்துக்கு ஒரு மெல்லிய கோடு. எதையும் யோசிக்காமல், நேற்றுப் பார்த்த இடம்போல வரைந்தார். "மேடா பள்ளமா, சொல்லுங்க" என்றார்.

எங்களுக்குப் புது விளையாட்டு கிடைத்துவிட்டது. அவர் பக்கம் உட்கார்ந்திருந்த என் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் மேடு என்றார்கள். எதிர்ப்பக்கம் நான் மட்டும். எனக்குப் பள்ளம்.

"மேடுதான்டி. கண்ணு அவிஞ்சு போச்சா?"

"குளம்டா. கோடு எல்லாம் வழி. குண்டு வாங்கறதுக்கா எல்லா வீட்டுலேர்ந்தும் நடந்து வருவாங்க?"

ஜெயித்துவிட்டேன் என்று சித்தப்பாவைப் பார்த்தேன்.

"இங்க வா கண்ணு" என்றார். "நான் இருக்கற பக்கம் வந்து பாரு."

போனேன். என்னை முன்னால் நிறுத்தி, தோள் இரண்டையும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் மேடாகத்தான் தெரிந்தது.

"ஆமா சித்தப்பா. மேடு."

"மேடுதானே?"

"மேடுதான்."

"தோத்தாங்குளி" என்று அண்ணன் என் தலையில் குட்டினான். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. சித்தப்பாவின் கைகள் தோளை விடவில்லை. வலிக்கும் அளவுக்கு இறுகின. நான் தோற்றதற்காக வருத்தப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "பரவால்ல சித்தப்பா, வெளையாட்டுதானே" என்றேன்.