மூன்றாவது கூடை

எதிர் குவார்ட்டர்ஸில் இருந்தவனும் நானும் ஒரே நாளில் மைன்ஸில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் சர்வே பிரிவு. நான் மதுரைப் பக்கம், அவன் குறிஞ்சிப்பாடி. எங்களை நல்ல சிநேகிதர்கள் என்றுதான் பிளாக்கில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அவன் எதைத் தொட்டாலும் அதைச் சுற்றி நாலு பேர் கூடிவிடுவார்கள். அது மட்டும் எனக்குச் செரிக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில், அமெரிக்காவில் இருந்த அவன் மைத்துனன் லீவில் வந்தபோது ஐந்தாறு பிளாஸ்டிக் தட்டுகளும் ஒரு படப் புத்தகமும் கொண்டுவந்து கொடுத்தான். தட்டை வீசி, தூரத்தில் கம்பத்தில் இருக்கும் கூடையில் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவருக்கு ஜெயம். ஆட்டம் அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தைப் பார்த்து எங்கள் பிளாக் பூங்காவில் ஒன்பது கூடைகளை நட்டுவிட்டான் அவன். காயலான் கடையில் வாங்கிய குழாய்தான் கம்பம். அதன் உச்சியில் பழைய சைக்கிள் ரிம், ரிம்மைச் சுற்றித் தொங்கவிட்ட சைக்கிள் செயின்கள், கீழே கம்பிக் கூடை. தட்டு செயினில் மோதினால் சலங்கைபோலச் சத்தம் வரும். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்கும்.

அதே பூங்காவில் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நான் ஒரு ரிங் டென்னிஸ் கோர்ட் போட்டிருந்தேன். சொந்தச் செலவில் நெட், சுண்ணாம்புக் கோடு எல்லாம். ஒரு மாதம் ஆடினார்கள். பிறகு கோட்டின்மேல் புல் முளைத்தது. அவன் மைதானத்திலோ சாயங்காலமானால் திருவிழாக் கூட்டம். பகல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்குகிறவர்கள் டிபன் கேரியரைப் புல்லில் வைத்துவிட்டு நேராக வரிசையில் நின்றார்கள். என் மனைவியும் போனாள். முதல் வாரத்திலேயே முப்பதடி தூரத்திலிருந்து செயினில் அடித்தாள். என் கோர்ட்டில் ஒரு நாள்கூட வளையத்தைத் தொடாதவள். அங்கே வாயெல்லாம் பல்லாக நின்றதைப் பார்த்தபோது என் வயிறு எரிந்தது.

மைதானத்தை நிரந்தரமாக விட்டுவைப்பதற்கு முன்னால் யாராவது பார்த்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்று டவுன்ஷிப் ஆபீஸில் சொன்னார்கள். அவனே என் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டேப்பும் நோட்டுமாகத் தனியாகப் போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. ஒன்பது கூடைகளையும் ஆடிப் பார்த்தேன். முதலாவது, புதிதாக வருபவரும் போடக்கூடிய தூரத்தில் இருந்தது. ஐந்தாவதில் முந்திரி மரத்தைச் சுற்றி வளைத்து வீச வேண்டும். ஏழாவதில் காற்று எதிரே வரும், அதற்காகவே தூரத்தைக் குறைத்திருந்தான். எந்தக் கூடையில் நின்றாலும் அடுத்த கூடைக்கு வழி தானாகத் தெரிந்தது. நானாக இருந்தால் இப்படி யோசித்திருக்க மாட்டேன் என்பது ஒன்பதாவது கூடைக்கு வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அதுதான் தாங்கவில்லை.

மூன்றாவது கூடைக்கு இருபத்திரண்டு அடி தள்ளி நடைபாதை. மறுபடி அங்கே போய், வேண்டுமென்றே கையைத் திருப்பித் திருப்பி வீசினேன். பத்துப் பன்னிரண்டு வீச்சுக்குப் பிறகு ஒரு தட்டு நடைபாதையில் போய் விழுந்தது. உடனே உட்கார்ந்து எழுதினேன்: 'மூன்றாவது கூடை ஆபத்து.'

எங்கள் பிரிவில் அந்த வார்த்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. சுரங்கத்தில் ஒரு இடத்தை ஆபத்து என்று ஒருவர் எழுதிவிட்டால், அன்றே அங்கே வேலை நிற்கும். சரிசெய்த பிறகு எழுதியவரே வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி தொடங்கும். மேலதிகாரி சொன்னால்கூட வேறு யாரும் போட மாட்டார்கள். அந்தப் பழக்கத்திலேயே ஊறிய டவுன்ஷிப் ஆபீஸ்காரர்களும் மறுநாளே பூங்காவில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு கூடையை மட்டும் நிறுத்துவார்கள் என்று நினைத்ததாக நான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். பொய். எனக்குத் தெரியும்.

அவன் கோபப்படவில்லை. அன்று சாயங்காலமே அந்தக் கம்பத்தைப் பிடுங்கி நடைபாதையிலிருந்து இன்னும் பத்தடி தள்ளி நட்டுவிட்டு வந்து கூப்பிட்டான்.

"நைட் ஷிப்ட்பா, நாளைக்குப் பார்க்கிறேன்" என்றேன்.

நாளைக்கு என்பது இரண்டு வாரமானது. அதற்குள் அவன் இன்னொரு தடவை இடம் மாற்றினான். அப்புறம் மூன்றாம் தடவை. நான் ஒருமுறைகூட அந்தப் பக்கம் போகவில்லை. பூங்காவில் சத்தமே இல்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்ல இன்றைக்கும் நாக்கூசுகிறது.

"ஏங்க, ஒரு கையெழுத்துதானே?" என்று என் மனைவி ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்.

"என் வேலையில மூக்கை நுழைக்காதே" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவன் கடப்பாரையோடு வாசலில் வந்து நின்றான்.

"கொஞ்சம் வரியா? கம்பத்தையெல்லாம் எடுத்துடலாம்னு பாக்குறேன். ஒத்த ஆளால முடியல."

கூடவே நடந்தேன். "ஏன்பா, அவசரப்படுறே?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"மூணு தபா மாத்தி நட்டுட்டேன். அப்பவும் நீ கையெழுத்து போடல. நீ தினம் பாத்துகினுதானே இருப்பே? உனக்கே மனசு ஒப்பலன்னா அங்க இன்னும் ஏதோ ஆபத்து இருக்குதுன்னுதானே அர்த்தம். வேற எவனாச்சும் எழுதியிருந்தா சண்டைக்குப் போயிருப்பேன். உன் கண்ணு எனக்குத் தெரியாதா? யாராச்சும் கொழந்த மேல பட்டுட்டா இன்னா பண்றது?"

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வரி போதும், அவன் கடப்பாரையைக் கீழே போட்டிருப்பான். ஆனால் அந்த ஒரு வரியைச் சொன்னால் அவன் என்னை எப்படிப் பார்ப்பான் என்று நினைத்தேன். மூன்றாவது கூடையின் கம்பத்தை அவன் நெம்ப, நான் இரண்டு கையாலும் சாயாமல் பிடித்துக்கொண்டேன். அவன் அதை நட்டிருந்த இடத்தில் ஒரு குறையும் இல்லை என்பதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அவன் என்னை நம்பியதுபோல இத்தனை வருஷத்தில் நான் யாரையும் நம்பியதில்லை. கம்பம் மண்ணைவிட்டு வந்தபோது, அதற்காகவும் அவன்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.