ஜப்பான் விசாவுக்கு ஒரு பிறந்த திகதி

என் கணவரின் பிறந்த திகதியை நான் சரியாக எழுதினேன். அதுதான் நான் செய்த பிழை.

நான் ஜெர்மனியில் வளர்ந்தவள். அங்கே படிவம் நிரப்புவது விளையாட்டில்லை. ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் கந்தோரில் இருக்கிறவள் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பாள், உயிர் போய்விடும். கலியாணம் கட்டி லண்டனில் பார்க்கிங் என்ற ஊருக்கு வந்த பிறகு, தெருவில் இருந்த எங்கள் ஆட்களின் கவுன்சில் படிவம், பெனிபிட் படிவம் எல்லாம் என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ஏன் ஒளிப்பான்?

இவர் மிருதங்கக்காரர். வாரத்தில் ஐந்து நாள் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட், சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு, கோடை வந்தால் அரங்கேற்றங்கள். அரங்கேற்றத்துக்கு வரும் சனம் ஆடுகிற பிள்ளையின் நகையைப் பார்க்கும், பிறகு சாப்பாட்டைப் பார்க்கும். மிருதங்கம் வாசித்தது யாரென்று கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. அப்படியிருந்தவரை ஒரு வெள்ளைக்காரச் சாக்ஸபோன் கலைஞர் எங்கேயோ கேட்டுவிட்டுத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். இரண்டு வருடம் சின்னச் சின்ன மண்டபங்களில் வாசித்தார்கள். பிறகு ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது. ஆறு நகரம், பதினொரு நாள்.

அங்கே கச்சேரிகளை ஒழுங்கு செய்தவர் டோக்கியோவில் ஒரு பெண். அவர் அனுப்பிய பயண நிரலில் காலை 7.42க்கு விடுதி வாசல், 7.55க்கு ரயில் நிலையம் என்று இருந்தது.

“ஆறு மணிக்கு எண்டு நோட்டீஸ் அடிச்சு ஏழரைக்குத் தொடங்கிற ஆக்களோடை வாசிச்சவன் நான். இது எனக்குச் சரிவராதப்பா” என்று இவர் சிரித்தார். ஆனால் அவர்கள் அனுப்பிய சுவரொட்டியைக் கலரில் அச்செடுத்து, ஒன்றைப் பெற்றோல் நிலையத்துக்கும் கொண்டுபோனார். அதில் இவருடைய முகம் சாக்ஸபோன்காரரின் முகமளவுக்குப் பெரிதாக இருந்தது. இவரை இவருக்காகவே ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

விசா எடுக்க முதல் ஜப்பானில் ஒரு சான்றிதழ் எடுக்கவேண்டும். அதற்கான விபரங்களை அந்தப் பெண் கேட்டிருந்தார். அன்று இவருடைய பிறந்த நட்சத்திரம். ஈலிங் அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்த கையோடு உட்கார்ந்து நிரப்பினேன். சாதகப் பொருத்தம் பார்த்த காலத்திலேயே எனக்குப் பாடமான திகதி அது, யோசிக்காமல் எழுதினேன். அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி போட்டேன்.

இவருடைய அகதிப் பயணப் பத்திரத்தில் இருந்தது வேறு திகதி. வயது குறைவென்றால் இரக்கப்படுவார்கள் என்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் ஐந்து வருடத்தைக் குறைத்திருந்தான். விமானநிலையத்தில் முதல்நாள் பதிந்தது எல்லாக் கடதாசியிலும் அப்படியே ஒட்டிக்கொண்டது. இது எனக்குத் தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். அந்த நேரம் மூளை எங்கே மேயப் போனதோ.

சான்றிதழ் தபாலில் வந்த பிறகுதான் பிழை தெரிந்தது. பயணத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. இரண்டு கடதாசிகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

“உம்மை ஆர் உண்மை எழுதச் சொன்னது?” என்று இவர் கத்தினார்.

“நான் என்ன, பொய்யே எழுதினனான்?”

“அதைத்தானப்பா நானும் கேக்கிறன்!”

அடுத்தநாள் காலை எட்டு மணிக்கு டோக்கியோவுக்கு போன் எடுத்தேன். அங்கே பின்னேரம். சான்றிதழில் ஒரு திகதி, பத்திரத்தில் வேறு திகதி என்று நான் சொன்னதை அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இதில் எது அவர் பிறந்த திகதி?” என்று கேட்டார். பத்திரத்தில் எது இருக்கிறது என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். எது உண்மை என்றல்லவா கேட்டார்!

“அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்றேன். புருஷனின் பிறந்தநாளைக் கேட்டுச் சொல்லுகிற பெண்சாதி. அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்!

சான்றிதழைத் திருத்தலாம் என்றார். ஆனால் எந்தத் திகதி சரி, பிழை எப்படி வந்தது என்று கையெழுத்து வைத்த கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். வராவிட்டால் டோக்கியோவில் இருக்கும் வேறொரு தாளக்கலைஞரைப் போடவேண்டிவரும். அதைச் சொல்லிவிட்டு மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார். பிழை செய்தவள் நான்.

பத்திரத்தில் இருப்பது பிழை என்று எழுதினால் அது சுற்றிச் சுழன்று, இவரை அகதியாக ஏற்ற ஹோம் ஒஃபிஸுக்குப் போகும். போனால் துலைந்தோம், லண்டனில் இருக்கிற விசாவுக்கும் ஆபத்து. அதனால் ஒரு வழிதான் இருந்தது. நான் எழுதியது பிழை என்று நானே எழுதவேண்டும். இவருக்கோ அதுவும் பிடிக்கவில்லை. ஜப்பானும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம் என்று மிருதங்கத்தை உறையில் போட்டுக் கட்டிவிட்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் கோபம் உச்சிக்கு ஏறியது.

“எட்டு வருசமா எல்லாக் கந்தோரிலையும் அந்தத் திகதியைத்தானே குடுக்கிறீங்கள்? இப்ப மட்டும் என்ன புதிசா?”

“குடுக்கிறன். வாயாலை சொல்லுறேல்லை. கடதாசியை நீட்டுவன், அவங்கள் பாத்து எழுதுவாங்கள்.”

இதிலும் ஒரு வீம்பா என்று நினைத்தேன். வியாழக்கிழமை அவரைக் கேட்காமலே கடிதத்தை எழுதினேன். என் கணவரின் பிறந்த திகதியை நான் தவறாக எழுதிவிட்டேன், பயணப் பத்திரத்தில் உள்ளதே சரியானது. கையெழுத்து வைத்தேன், அனுப்பினேன்.

திருத்திய சான்றிதழ் வந்தபோது பயணத்துக்கு நாலு நாள்தான். இருவரும் ஜப்பான் தூதரகத்துக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி. என் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“நீங்கள்தானே மனைவி? உங்கள் கணவரின் பிறந்தநாளை நீங்களா மறந்தீர்கள்?”

“ஆம்” என்றேன். முகம் சுட்டது.

அவர் இவர் பக்கம் திரும்பினார். “உங்கள் பிறந்த திகதியைச் சொல்லுங்கள்.”

இவர் பயணப் பத்திரத்தை உள்ளே தள்ளினார். அதிகாரி அதைத் தொடவில்லை.

“தயவுசெய்து நீங்களே சொல்லுங்கள்.”

எங்களுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருமியது. இவருடைய விரல்கள் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையை அழுத்திக்கொண்டிருந்தன. உண்மையைச் சொல்லிவிடப் போகிறார் என்று பயந்தேன். அம்மாளாச்சி, இந்த மனிசனின் வாயைக் காப்பாற்று என்று கும்பிட்டேன். அதிகாரி பேனையைக் கீழே வைத்தார்.

நாள், மாதம், வருடம். பத்திரத்தில் இருந்ததை இவர் உரத்துச் சொன்னார்.

நாளைக்கு வந்து எடுக்கும்படி துண்டு தந்தார்கள். வெளியில் வந்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? கடிதத்தின்படி நான் இவரை விட இரண்டு வயது மூப்பு.

“இனி என்னை அக்கா எண்டு கூப்பிடுங்கோ” என்றேன்.

இவர் சிரிக்கவில்லை. தூதரகத்துக்கு எதிரே இருந்த பூங்காவின் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அப்பா செத்தது எப்பவெண்டு உமக்குத் தெரியுந்தானே?”

தெரியும். இவருக்கு அப்போது மூன்று வயது.

“அப்ப கணக்குப் பாரும்.”

பார்த்தேன். பத்திரத்துத் திகதி அதற்கு இரண்டு வருடம் பிந்தியது.

“அம்மா தாலி கழட்டி ரெண்டு வருசத்துக்குப் பிறகு நான் பிறந்திருக்கிறன். ஏஜென்சிக்காரனுக்கு என்ன தெரியும்? அண்டைக்கு நான் தலையை மட்டும் ஆட்டினன். இண்டைக்கு வாயாலையும் சொல்லிப்போட்டன்.”

என் வாய்க்கு ஒருநாளும் பஞ்சமில்லை. அன்று வெட்கத்தில் அழுகைதான் வந்தது.

இவர் போனார், ஆறு நகரத்திலும் வாசித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்த மாமிக்கு போன் எடுத்தேன். மகன் ஜப்பானுக்குப் போனதை அவர் ஒழுங்கை முழுக்கச் சொல்லியாயிற்று.

“கடைசி நேரத்திலை ஏதோ இழுபறி எண்டு சொன்னான். எப்பிடிப் பிள்ளை விசா கிடைச்சது?”

“நான் ஒரு கடிதம் எழுதிக் குடுத்தனான் மாமி.”

“நீ கெட்டிக்காரியடி” என்றார் மாமி. “என்ரை மானத்தைக் காப்பாத்திப்போட்டாய்.”