நான் திட்டினால் ஓடும் கதைகள்

எங்கள் குரூப்பில் ஒரு கதையைக் குப்பை என்று நான் எழுதினால் போதும், மறுநாள் மத்தியானத்துக்குள் பாதிப் பேர் அதைப் படித்து முடித்துவிடுவார்கள். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் ஒருத்தியும் தொடமாட்டாள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அதுவரை என் விமர்சனத்துக்கு ஒரு மரியாதை இருப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை செய்கிறேன். சூளையிலிருந்து வரும் பியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்குவது என் வேலை. அங்கேயும் பக்கத்துக் கம்பெனிகளிலும் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து, கதை படிக்க ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். இணையத்தில் வாரம் இரண்டு அத்தியாயமாக வரும் தொடர்கதைகள்தான் எல்லாருக்கும் உயிர். எதைப் படித்தாலும் லிங்க்கைப் போட்டு, அதைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

நாலு வரி என்று பெயர். "சூப்பர் சிஸ்", "செம்ம", "அடுத்த யூடி எப்போ", இவ்வளவுதான் வரும். யூடி என்றால் புது அத்தியாயம். கூடவே ரெண்டு பூ, ரெண்டு அழுகிற பொம்மை. யாராவது ஒரு புதுக்கதையைச் சொன்னால் முதல் கேள்வி, "எண்டிங் ஹேப்பியா?" என்பதுதான். முடிவைக் கேட்டு, அது தனக்குப் பிடித்த முடிவுதான் என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் படிக்க உட்காருகிற கூட்டம் இது. எனக்கு இவர்கள் மேல் ஒரு இளக்காரம் உண்டு. அதை நான் மறைத்ததும் இல்லை.

அந்தக் கதைகளும் அப்படித்தான். கதாநாயகன் ஆறடி இருப்பான். பெரிய கம்பெனிக்கு முதலாளி, ஆனால் ஒருநாள்கூட வேலை பார்க்கமாட்டான். முதல் அத்தியாயத்தில் கட்டாயத் தாலி கட்டுவான். மூன்றாவதில் கன்னத்தில் அறைவான். ஐந்தாவதில் அவளுக்குக் காய்ச்சல் வரும், கஞ்சி ஊட்டுவான். அந்த ஒரு கிண்ணம் கஞ்சியோடு எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும். இவர்கள் உருகி வழிவார்கள். வீட்டில் புருஷன் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்ததில்லை, இதில் கஞ்சிக்கு ஏங்குகிறார்கள்.

நான் புருஷனை விட்டு வந்தவள். திட்டக்குடிப் பக்கத்து மங்களூரில் ஒன்பது வருஷம் குடித்தனம் செய்துவிட்டு, இப்போது பெண்ணாடத்தில் அம்மாவோடு இருக்கிறேன். அவர் அடிக்கமாட்டார், குடிக்கமாட்டார். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். குழம்பில் உப்பு கூடினால் ஒரு வாரம். அம்மா வீட்டில் ஒரு நாள் அதிகமாகத் தங்கினால் ஒன்றரை மாசம். அடி வாங்கியிருந்தால் ஊர் ஒப்புக்கொண்டிருக்கும். பேசாததை யாரிடம் போய்க் காட்டுவது? "தங்கமான மனுஷன், இவளுக்குத்தான் திமிரு" என்றார்கள். காரணம் கேட்காமல் விட்டவர் எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கும், குரூப்பிலும் உள்ள அக்கா ஒருத்தர்தான். அதனாலேயே தினம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்.

போன வருஷம் கரும்பு வெட்டு சமயம். ஆலைக்குப் போகிற டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் நின்று நின்று போகும். அப்படி நின்ற ஒரு காலையில்தான் அந்தத் தொடர் என் கண்ணில் பட்டது. எழுதுகிற பெண் யாரென்று தெரியாது, புனைபெயர்தான். கதையில் ஒரு பெண், பேசாத புருஷனை விட்டு வந்து தனியாக ஒரு அறை எடுக்கிறாள். முதல் நாள் டீ போட்டுக் குடித்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்று வாய்விட்டுச் சொல்கிறாள். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிடுகிறாள். அந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

அத்தியாயத்தின் கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. கருத்துச் சொல்ல ஆளே இல்லை, இப்படியே போனால் அடுத்த வாரத்தோடு நிறுத்திவிடுவேன் என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். எனக்குப் பதறியது. நான் வாழ்ந்ததை முதல்முறையாக ஒருத்தி எழுதுகிறாள், அது பாதியில் சாகப் போகிறது. அந்தப் பெண் அந்த அறையில் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

அன்றைக்கே குரூப்பில் பத்து வரி எழுதினேன். மனசிலிருந்து எழுதினேன். ஒருத்தி, "ஹீரோ யாருக்கா?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "அழுகாச்சி கதையா? வேணாம்ப்பா" என்றாள். மூன்றாவது ஆள் ஒரு கட்டைவிரலைப் போட்டாள். அதோடு முடிந்தது. சாயங்காலம் யாரோ ஒரு வளைகாப்புப் படம் போட, என் பத்து வரியும் மேலே போய்விட்டது.

இரண்டு நாள் பொறுத்தேன். நான் திட்டின கதைகளைத்தான் இவர்கள் இதுவரை விழுந்து விழுந்து படித்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் நாள், அவர்களுக்கு ஏற்றபடி எழுதினேன். "போன தடவை தெரியாம சொல்லிட்டேன். இது படு மோசம். தங்கமான புருஷனை விட்டுட்டு வந்த திமிர் பிடிச்சவ கதை. கொழுப்பெடுத்தவ. குடும்பப் பொண்ணுங்க யாரும் படிக்காதீங்க." எந்த வார்த்தை எடுபடும் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எல்லாம் ஊர் என்னைச் சொன்ன வார்த்தைகள்தான்.

கூட்டம் போய் விழுந்தது. எங்கள் குரூப், அவர்களுடைய நாத்தனார், ஓரகத்தி, ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் சித்தி பெண் என்று அத்தனை பேரும் போய்ப் படித்தார்கள். அந்தத் தொடருக்குக் கீழே கருத்துகள் நிரம்பின. எழுதுகிறவள் எல்லாருக்கும் நன்றி சொன்னாள், வாரம் மூன்று அத்தியாயம் தருகிறேன் என்றாள். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து ஒரு வாரம் நிமிர்ந்து நடந்தேன்.

அப்புறம் கருத்துகளைப் படித்துப் பார்த்தேன். "பேசாம இருக்கிறது ஒரு குத்தமா சிஸ்?" "அவருக்கும் ஒரு மனசு இருக்குதுல்ல." "சேத்து வெச்சிடுங்க ப்ளீஸ்." எழுதுகிறவள் முதலில் அசையவில்லை. ஆனால் பாராட்டு கிடைக்காமல் காய்ந்து கிடந்தவள், எத்தனை நாள் தாங்குவாள்? அடுத்த வாரமே அந்தப் புருஷனுக்குச் சின்ன வயசுச் சோகம் ஒன்று முளைத்தது. அம்மா செத்த நாளிலிருந்து அவனுக்கு வார்த்தை வராதாம். அதற்கடுத்து அவனுக்குக் காய்ச்சல். இவள் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனாள். கடைசி அத்தியாயத்தில் அவன் அறை வாசலில் வந்து நின்று, "வா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். இவள் தேம்பி அழுதுவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டாள். கண்றாவி. போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஒழுங்காகச் சாக இருந்த கதையை நான்தான் இழுத்துக்கொண்டு வந்து இவர்கள் கையில் கொடுத்தேன்.

மறுநாள் சாப்பிடும்போது அக்கா கேட்டார். "கடைசிய படிச்சியாம்மா?"

"படிச்சேன்க்கா."

"எனக்கு அழுவ வந்திடுச்சி. நான்கூட அதுல எழுதியிருந்தேன், பாத்தியா? எங்க கூட ஒரு பொண்ணு இருக்குது, தெனம் பாக்குறேன், உள்ளுக்குள்ள ஏங்கிக் கெடக்குது, இவங்கள சேத்து வெச்சிடுங்கன்னு."

நான் டப்பாவை மூடினேன். அவர் என் முழங்கையைத் தொட்டார். "நீ எழுதுனத படிச்சப்பதாம்மா எனக்கே புரிஞ்சிச்சி. உன்னையே நீ எவ்ளோ திட்டிக்கினு இருக்கிறன்னு. அதான் தெரிஞ்சவங்ககிட்ட நம்பர் வாங்கி, மங்களூருக்கு உன் வூட்டுக்காரருக்குப் போன் பண்ணேன். ஞாயித்துக்கெழம உன் வூட்டுக்கு வராரு. நானும் கூட வரேன்."

இத்தனை வருஷமாக இந்த அக்கா கேள்வி கேட்காதது பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். பதில் ஏற்கெனவே தெரியும் என்று நினைத்ததால்தான் கேட்கவில்லை. நான் எழுதினது பொய், அந்தக் கதை எனக்குப் பிடித்த கதை, ஆள் சேர்க்கத்தான் திட்டினேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "வெக்கப்படாதம்மா" என்றார். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மாவிடம் சொன்னால், "வரவங்கள வராதன்னா சொல்ல முடியும்?" என்று ஞாயிற்றுக்கிழமைக்குப் பால் கூடச் சொல்லிவைத்தாள்.

ஞாயிறு பத்து மணிக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். அம்மா காபி கொடுத்தாள். அக்கா மழையைப் பற்றிப் பேசினார், பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசினார், "நீங்க ரெண்டு பேரும் பேசுங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் அங்கேயே இருந்தார். நான் என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த மட்டமான கடைசி அத்தியாயம் எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையை இவர் சொல்லிவிடுவாரோ என்று காத்திருந்தேன். அரை மணி நேரம் அவர் காலண்டரைப் பார்த்தார். காபி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவை பஸ் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். ஸ்டாண்டு வந்ததும் நின்றார்.

"அவரு ஒண்ணுமே பேசலியேம்மா."

"ஒம்பது வருஷம்க்கா" என்றேன்.