கரடிக்கு ஆகாத டாக்டரம்மா

மிருகக்காட்சி சாலை டாக்டரம்மாவைக் கண்டால் கிழட்டுக் கரடிக்கு ஆகவே ஆகாது. அவர் வந்தால் ஊசிதான் என்பது அதற்கு அத்துப்படி. செருப்புச் சத்தம் கேட்டதுமே உள்ளறைக்குள் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடும். பயிற்சிக்கு வரும் கால்நடை மருத்துவ மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்: "நாய்க்குட்டிக்கு வைத்தியம் பாத்தா அது வாலாட்டும். இங்க எல்லாம் உங்களைப் பாத்து ஓடும். பழகிக்கோங்க."

அவர் பழகியது கொஞ்சம் அதிகப்படி. கணவர் போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "கல்நெஞ்சுக்காரி" என்று நாத்தனார் காதுபடவே சொன்னாள். அதுவும் உறைக்கவில்லை.

கரடிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. இனியும் இழுத்துக்கொண்டு கிடப்பது பாவம், ஊசி போட்டு வலியில்லாமல் உயிரைப் போக்கிவிடலாம் என்று முடிவானது. கம்பியில் கரண்டியால் தட்டினால் தோளைச் சாய்த்து ஊசி போட்டுக்கொள்ள, தேன் ஊட்டி அதைப் பழக்கியிருந்தாள் ஒரு மாணவி. பழக்கம் கெடக்கூடாதென்று டாக்டரம்மா பல மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை. மாணவி மயக்க ஊசி போட்டால் கரடி பயமில்லாமல் தூங்கும். இல்லாவிட்டால் துப்பாக்கியால் ஊசியைச் சுடவேண்டும், மிரண்டு மோதிக்கொண்டு சாகும்.

அவர் முன்கூட்டியே வந்து சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டார். மாணவி தட்டினாள். கரடி தோளைச் சாய்த்தது. அவள் ஊசியைக் கீழே இறக்கிவிட்டாள்.

"முடியல மேடம். என்னை நம்பி நிக்குது."

"நம்பணும்னுதானே இத்தனை நாள் தேன் ஊட்டினே? போடும்மா."

"சத்தியமா முடியல."

வேறு வழியில்லாமல் அவரே வெளியே வந்தார். காரியம் கெட்டது, ஓடப்போகிறது என்றுதான் நினைத்தார். கரடி அசையவில்லை. அவர் கையை மோந்து பார்த்தது. தேனுக்காகத் தோளை இன்னும் அழுத்தியது.

ஊசியை அவர் போட்டார், தேனையும் அவரே ஊட்டினார். நக்கிக்கொண்டே தூங்கிப்போனது. கடைசி ஊசியையும் போட்டு, இதயத் துடிப்பு நின்றதைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

மாணவி மூக்கை உறிஞ்சினாள். "ஓடவே இல்லையே மேடம். உங்களை மன்னிச்சிடுச்சோ என்னவோ."

"மன்னிப்பெல்லாம் இல்லம்மா. காதும் போச்சு, மூக்கும் போச்சு. தட்டினா கம்பி அதிர்றது மட்டும்தான் அதுக்குத் தெரியுது. அதுக்கு நான் யாருன்னே தெரியல."

ஓடியிருக்கலாம் என்றிருந்தது அவருக்கு.